அரைக்கைச் சட்டையிலேயே போகட்டும்

என் அன்பு மனைவிக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? இங்கே குளிரில் முழங்கை வெடிப்பதைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை.

“சொறி ஆறின பிறகு கூட்டிட்டு வாங்க” என்று மழலைப் பள்ளி ஆசிரியை நம் குட்டியைத் திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தாய். அது சொறியல்ல, எனக்கும் உள்ள கரப்பான். மருத்துவர் எக்ஸிமா என்றாரே, அதுதான். அது ஒட்டாது. நேற்று என் முழங்கையைக் கண்டு மேலதிகாரியும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, “ஒட்டிக்குமா?” என்றார். “ஒட்டும்னா என் பொண்டாட்டிக்குத்தான் சார் முதல்ல ஒட்டியிருக்கணும்” என்றேன். நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது.

நான் மருத்துவனல்ல; அவர் சொன்னதையே சொல்கிறேன். குளிப்பாட்டியதும் ஈரம் காயுமுன் களிம்பைத் தாராளமாகத் தடவு. வாசனை சோப்பு கூடாது. சிவந்த இடங்களுக்குத் தந்த மருந்தை, அம்மா பயந்து தடுத்தாலும், அவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதே.

எனக்கும் அந்தக் களிம்பில் ஒரு டப்பா அனுப்பு. முதுகுக்குக் கை எட்டவில்லை. தடவிவிட இங்கே யாரிடம் கேட்பது?

ஆசிரியை மறுபடி மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேள். தரமாட்டார். முழுக்கை போட்டு மூடாதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே குட்டி அரைக்கைச் சட்டையிலேயே போகட்டும். மறைப்பதற்கு அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

அலுவலக வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்