சாஷாவின் வாணம்

மட்டக்களப்பு,
03.01.2005

அன்பின் பிரட்,

நானும் ஜேமியும் இருக்கிறோம். நீங்கள் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

கட்டாரிலிருந்து நீங்கள் போனில் கதைத்ததை ஃபாதர் வந்து சொன்னார். வருகிற ஞாயிறு பூசையில் இறந்தவர்களோடு நம் சாஷாவின் பெயரையும் வாசிக்கச் சொன்னீர்களாம். நான் விடமாட்டேன், பிரட். பிள்ளையைக் காணவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, முகாம், கோயில் என்று தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். தேற்றாத்தீவுப் பக்கம் ஒரு பெண்பிள்ளை இருப்பதாகச் சொல்ல, நேற்று ஓடினேன். வேறு யாரோ பெற்ற பிள்ளை. அதுவும் என் முகத்தைப் பார்த்து ஏமாந்து அழுதது.

டச்பார்க் கரையில் நம் வீடு இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. கிணறு மட்டும் நிற்கிறது. நாங்கள் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருக்கிறோம்.

முப்பத்தோராம் திகதி வெளியே யாரோ சீனவெடி கொளுத்த, கடல் வருகுது என்று கத்திக்கொண்டு முழுச் சனமும் மாடிக்கு ஏறியது. பொறுப்பாயிருக்கிற தங்கராசா மாஸ்டர் வெடிகளைப் பறித்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஏதாவது செய்து காட்டுங்கள், நீங்கள் நேர்சரி டீச்சர்தானே என்றார். என்னிடமா கேட்பது என்று கோபம்தான் வந்தது. ஆனாலும் செய்தேன். நிவாரணப் பெட்டி அட்டையில் அடுப்புக்கரி தேய்த்து இரவாக்கினோம். கோதுமைமாக் கூழில் மஞ்சளும் உடுப்புக்குப் போடும் நீலமும் பீட்ரூட் சாறும் கலந்து, ஈர்க்குக் கட்டாலும் வெட்டிய வெண்டிக்காயாலும் ஒற்றினோம். சத்தமில்லாத வாணங்கள்.

வருசப்பிறப்புக்கு நீங்கள் ஒவ்வொருவர் பெயராய்ச் சொல்லி ஈர்க்குவாணம் விடுவீர்களே, அதே ஒழுங்கில் ஜேமி போட்டான். உங்களுக்கு, எனக்கு, தனக்கு. கடைசியாக என் பையைத் திறந்து, சாஷாவின் சீப்பை எடுத்து மஞ்சள் கூழில் தோய்த்து வட்டமாய் ஒற்றினான். பிறகு நான் பழக்கியபடியே எல்லாச் சாமானையும் கழுவி வைத்தான், சீப்பையும் சேர்த்து.

இருபத்தாறாம் திகதி காலை பூசைக்குப் போக அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போதுதான் தண்ணீர் வந்தது. சீப்பு என் கையோடு வந்தது. பிள்ளை வரவில்லை. அதன் பல்லுகளில் அவளுடைய முடி இருந்தது, பிரட். அதுதான் என்னிடம் இருந்தது.

ஜேமியைக் கண்மண் தெரியாமல் அடித்துவிட்டேன். மற்றத் தாய்மார் வந்து பிடித்தார்கள். அவன் அழவில்லை. டடா வந்தா கேப்பார்தானே, தங்கச்சிட வாணம் எங்க எண்டு, என்று மட்டும் சொன்னான். இப்போது என் பக்கத்தில் படுக்கிறதில்லை.

கூழ் காய்ந்த பிறகு பார்த்தேன். அந்த மஞ்சளுக்குள் ஒரு முடி ஒட்டியிருக்கிறது, நுனி சுருண்டபடி. அட்டையைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். யாரையும் தொட விடுவதில்லை.

கம்பனி விடாது என்று சொல்ல வேண்டாம். வாருங்கள். வந்து ஜேமியைத் தூக்குங்கள், எனக்குக் கை எழும்புகுதில்லை. பூசைக்கு அவள் பெயரைக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் இந்தச் சீப்பை என் கையிலிருந்து நீங்களே வாங்கிவிட்டுப் போய்க் கொடுங்கள். அதுவரை ஆண்டவர் அவளை எங்கேயாவது நனையாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள்
பமீலா