ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா

ஆகஸ்ட் 12

நர்ஸ் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. காலேஜ் வாசலில் நின்று பட்டியலில் என் பெயரைப் பார்த்தது நான். வீட்டுக்கு ஓடியது அண்ணி பூபுசாரா. "நல்ல சேதி! நல்ல சேதி! என்ன குடுப்பீங்க?" என்று தெருமுனையிலிருந்தே கத்தினாள். சேதி என்னுடையது, பரிசு அவளுக்கு! நல்ல சேதியை முதலில் கொண்டுவந்தவருக்குத்தான் பரிசு என்று முறை இருக்கிறதே, கொடுக்காமல் விடுவார்களா? என் புதுச் சால்வை போச்சு.

எனக்கு முப்பத்தோரு வயது. பத்து வருஷம் எங்கள் நரின் ஊர்ச் சந்தையில் ஜன்னல் திரைத்துணி கிழித்து விற்றவள். கட்டினவன் மாஸ்கோவில் வேறொருத்தியோடு செட்டில் ஆன பிறகு அண்ணன் வீட்டில் ஒரு மூலை. ஆஸ்பத்திரிக்குள் நான் போனதெல்லாம் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு, யாரையாவது பார்க்க. இப்போது நான் நர்ஸாம். செப்டம்பர் ஒன்றாம் தேதி வகுப்பு ஆரம்பம். நினைத்தால் சிரிப்பு வருகிறது. கூடவே பயமும்.

ஆகஸ்ட் 15

அண்ணன் தாலந்த்பெக் ஆடு வெட்டினான். சொந்தமும் தெருவும் மொத்தமாக வந்து இறங்கின. கறி தின்று கை துடைத்த மறுநிமிஷம் எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். பிரஷர் பார்க்க வேண்டுமாம்! அண்ணனே ஒரு மிஷின் வாங்கி, கூட்டத்தின் நடுவில் என் மடியில் வைத்தான். ரப்பர் உருண்டையும் காதில் மாட்டுகிற குழாயும். எது மேல் எது கீழ் என்றுகூட எனக்குத் தெரியாது.

இவர்கள் மூளையை என்ன சொல்ல? இடம் கிடைத்தால் டாக்டர். இன்னும் ஒருநாள் வகுப்பில் உட்காரவில்லை என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

உருண்டையை அமுக்கினேன். காதில் ஒன்றும் கேட்கவில்லை. "நூத்தி இருபது, எண்பது" என்றேன். அடுத்தவருக்கும் அதே. அதற்கடுத்தவருக்கும் அதே. எல்லோருக்கும் பரம சந்தோஷம். பெரியம்மா சந்தோஷத்தில் ஆட்டு வால் கொழுப்பை இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆட்டுக் குடலை என்னமா அலசுறா பாத்தீங்கல்ல? இவளுக்கா ரத்தம்னா பயம்?" என்று அண்ணன் பெருமை அடித்தான்.

செத்த ஆட்டுக்கு வலிக்காதுடா அண்ணா. சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 16

பெரியம்மா போன் செய்தாள். தலை சுற்றுகிறதாம். "நீதான் நல்லா இருக்குன்னியே, அதான் ராத்திரி மாத்திரைய விட்டுட்டேன்." பைத்தியக்காரி! உடனே மாத்திரையைப் போடு, பாலிகிளினிக்குக்குப் போ என்று கத்தினேன். போனை வைத்தபிறகுதான் உறைத்தது. பைத்தியக்காரி அவளா, நானா?

ஆகஸ்ட் 19

வெள்ளை கோட்டு வாங்கப் போனேன். கூடப் படிக்கப்போகிற குட்டிகள் ஏழெட்டுப் பேர் அங்கே. எல்லாம் பதினேழு வயசு. துடைப்பம் மாதிரி ஒட்டு இமைமுடி. கோட்டை இடுப்பில் இறுக்கித் தைத்துத் தரச் சொல்லி ஒரே ரகளை. ஒருத்தி சொல்கிறாள், எட்டாவது படிக்கும்போதே பாட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றினாளாம். இன்னொருத்தி ஒன்பது மாசக் குழந்தைக்கே ஊசி போட்டவளாம். அடேயப்பா, பிறகு எதற்கம்மா காலேஜ், நேரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகவேண்டியதுதானே?

என்னைப் பார்த்து, "அக்கா, உங்க பொண்ணுக்கா கோட்டு?" என்று கேட்டாள் ஒருத்தி.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஆகஸ்ட் 22

எங்கள் தெருவின் ஊசிக்காரி யார் தெரியுமா? சாட்சாத் அண்ணிதான். பன்னிரண்டு வருஷமாக. எங்கே படித்தாள்? எங்கேயும் இல்லை. இந்தத் தெருவில் சளி என்றால் ஊசி, முதுகு பிடித்தால் ஊசி, மாமியாரோடு சண்டை வந்து மனசு சரியில்லை என்றாலும் ஊசி. மருந்துக்கடைக்காரன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இவள் மாவு பிசைந்த கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, "திரும்பு" என்பாள். சதையில் ஒரு தட்டு, ஒரு குத்து. வேலை முடிந்தது. இதற்கு ஒரு தட்டு பொரித்த போர்சோக் ரொட்டியும் ஏகப்பட்ட மரியாதையும்.

இன்று என்னிடம் சிரிஞ்சையும் தலையணையையும் நீட்டினாள். "போடு பாப்போம். நான் படிக்காமலே போடறேன். நீ மூணு வருஷம் படிக்கணுமாக்கும்."

தலையணைதான். பஞ்சுதான். அதற்கே என் கை கிடுகிடு என்று ஆடியது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, தலகாணிக்கு வலிக்கப் போகுது, பாத்து!"

அவளை அப்படியே வெறுத்தேன். என் கையை அவளைவிட அதிகமாக வெறுத்தேன்.

எனக்கு ஊசியைப் பார்த்துப் பயமில்லை. ரத்தத்தைப் பார்த்துப் பயமில்லை. ஒரு ஆள் நம்பி உடம்பைக் காட்டுகிறான் பார், அதுதான் பயம். திரைத்துணியைத் தப்பாக வெட்டினால் நஷ்டத்தோடு போகும். இது?

ஆகஸ்ட் 25

தீர்மானம் செய்துவிட்டேன். வியாழக்கிழமை காலேஜுக்குப் போய் சேரக் கொடுத்த பேப்பரையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்ளப் போகிறேன். சந்தைக்கடை முதலாளி எப்போது வேண்டுமானாலும் வா என்றுதான் சொல்லியிருக்கிறார். திரும்பிப் போனால் சாகும்வரை கத்தரிக்கோலும் அண்ணன் வீட்டு மூலையும்தான். தெரிகிறது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 27

இன்று நடந்ததை எழுதினால்தான் நெஞ்சு அடங்கும்.

அண்ணி மேய்ச்சல் மலைக்கு, அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜீபார் வந்து நின்றாள். அவள் மாமனார் அசனாலிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். மருந்துக்கடையில் பத்து ஊசி கொடுத்து, தினம் ஒன்று போடச் சொன்னார்களாம். "அண்ணி இல்லாட்டி என்ன, வீட்டுல டாக்டரே இருக்கும்போது?" என்று என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனாள்.

அந்த மனுஷன் ஏற்கெனவே குப்புறப் படுத்து, கால்சட்டையைத் தளர்த்தி ரெடியாக இருக்கிறார். "சீக்கிரம் போடு டாக்டரம்மா, குளிருது."

மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தேன். என் விரலைத்தான் கிழித்தது. மருந்தை உறிஞ்சினேன். எப்படியோ செய்தேன். சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு குத்துதானே? இவள் பார்க்கிறாள், அவர் காத்திருக்கிறார். குத்திவிட்டுப் போனால் என்ன? நூத்தி இருபது, எண்பது என்று வாய்கூசாமல் சொன்னவள்தானே நீ?

பெரியம்மா தலை சுற்றுகிறது என்று போன் செய்தது ஞாபகம் வந்தது.

"நான் போடல" என்றேன்.

"என்னடி, வெக்கமா? பல்லுப்போன ஆளு, அவரப் பாத்தா வெக்கம்?"

"எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது? காலேஜ் போறல்ல?"

அப்போதுதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியாததாலதான்டி போறேன்! தெரிஞ்சா எதுக்குப் போறேன், அங்க போய் டீ குடிக்கவா? ஆடு வெட்டித் தின்னீங்களே, அன்னைக்கு ஒருத்தராவது கேட்டீங்களா, உனக்கு இது தெரியுமான்னு? எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! ஒண்ணும் தெரியாது!"

அவர் படுத்தபடியே, "அப்ப நான் கால்சட்டைய மேல ஏத்திக்கட்டுமா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. நேற்றைய ரொட்டி முழுவதையும் தின்றேன். சாயங்காலம் அண்ணி வந்திறங்கி, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் போய் அந்த ஊசியைப் போட்டுவிட்டு வந்தாள். "பெரிய டாக்டரம்மா!" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 28

வியாழன். பேப்பர் வாங்கப் போகவில்லை. தெரு முழுக்க நான்தான் பேச்சு, ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா என்று. பேசிக்கொள்ளட்டும். இதற்கு மேல் மானம் போக ஏதாவது மிச்சம் இருக்கிறதா? தெரியாது என்று ஒரு தடவை கத்திவிட்டேன், ஆகாசம் இடிந்து விழவில்லை.

செப்டம்பர் 1

காலையில் இரண்டு முறை வாந்தி. போனேன்.

நாசிரா துர்சுனோவ்னா என்று ஒரு டீச்சர். முகத்தில் சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே வந்ததும், "யாருக்கெல்லாம் ஊசி போடத் தெரியும்?" என்றார். ஒட்டு இமைகள் எல்லாம் கையைத் தூக்கின. பெருமை பிடிபடவில்லை அதுகளுக்கு. நான் தூக்கவில்லை.

"உனக்கு?"

"தெரியாது டீச்சர். எதுவுமே தெரியாது."

பின்னால் கிளுகிளு என்று சிரிப்பு. டீச்சர் முன் பெஞ்சைக் காட்டினார். "இங்க வந்து உக்காரு. உனக்கு நான் சொல்லிக் குடுத்தாப் போதும். இவளுங்களுக்கு முதல்ல மறக்கடிக்கணும், அதுக்கே ஒரு வருஷம் ஆகும்."

நோட்டைத் திறந்தேன். எழுத்தெல்லாம் கோழி கிறுக்கல். இருந்தாலும் எழுதினேன்.

செப்டம்பர் 8

அசனாலிக்கு வலது கால் இழுக்கிறது. ஆறாவதோ ஏழாவதோ ஊசியிலிருந்தாம். பாதத்தைத் தூக்க முடியவில்லை, தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். ஆஸ்பத்திரியில், ஊசி நரம்பில் பட்டிருக்கிறது, சரியாக மாதக்கணக்கு ஆகும் என்றார்களாம். ஜீபார் வாசலில் நின்று அண்ணியைக் கிழி கிழி என்று கிழித்தாள். பன்னிரண்டு வருஷம் போர்சோக் கொண்டுவந்து கொடுத்துப் புகழ்ந்த அதே வாய்.

அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது. எழுதுவதற்கு என்ன.

செப்டம்பர் 17

இன்று டீச்சர் பொம்மையை வைத்துக் காட்டினார். இடுப்பை நாலு பாகமாகப் பிரிக்க வேண்டும், மேலே, வெளிப்பக்கம் இருக்கிற பாகத்தில் மட்டும்தான் ஊசி. மற்ற இடத்தில் பெரிய நரம்பு ஓடுகிறது. நான் மூன்று முறை திரும்பக் காட்டச் சொன்னேன். காட்டினார்.

சாயங்காலம் அண்ணன் மாட்டைப் பார்க்கப் போனதும் அண்ணி சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முகத்தைப் பார்க்காமல், "எங்க குத்தணும்னு சொன்னாங்க?" என்றாள்.

ஆகஸ்டிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. தலகாணிக்கு வலிக்குமான்னு கேளேன் அண்ணி! நல்லா வசமா மாட்டியிருந்தாள். ஆனால் அவள் கையைப் பார்த்தேன். கதவைப் பிடித்தபடி கிடுகிடுவென்று ஆடுகிறது.

அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, துணிக்கு மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினேன். மேலே. வெளிப்பக்கம். இதைத் தாண்டக் கூடாது.

"நான் நடுவுலதான்டி போடுவேன்" என்றாள். "சதை எங்க அதிகமோ அங்க. ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள உதறும். போட்டுட்டு வந்து ராத்திரி பூரா முழிச்சிக் கெடப்பேன். கல்யாணமாகி வந்த புதுசுல ஒருத்தி ஊசிய நீட்டினா. சின்ன மருமக, முடியாதுன்னு சொல்ல முடியுமா? போட்டேன். அப்புறம் நிறுத்த விடல."

 டீ ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

"முப்பத்தெட்டு வயசுக்கு அங்க சேத்துப்பாங்களா?" என்றாள். பிறகு சட்டென்று, "சும்மாதான் கேட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிடாத."

நாளைக்கு விசாரித்துவிட்டு வருகிறேன் என்றேன்.