அணைத்தாலும் அணையாத கம்ப்யூட்டர்

ஜூலை 10, திங்கள்

தூறல். பீன்யா தொழிற்பேட்டை முழுக்கச் சேறு. ஆபீசுக்குள் கால் வைத்ததுமே மேனேஜர் நாகராஜ் சார் பிடித்துக்கொண்டார்.

நேற்று லீவு நாளில் கரண்ட் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்ததாம். யுபிஎஸ் தீர்ந்து, பாதியில் நின்று, டெஸ்பாட்ச் ஃபைல் காலி. இனி திறக்காது.

"ஏன் ஜெயா, ஷட் டவுன் பண்றது அவ்ளோ கஷ்டமா?"

சனிக்கிழமை நான் அணைத்தேன். திரை கறுத்ததைப் பார்த்தேன். போன வாரமும் இதே கதை. ராத்திரி வாட்ச்மேன் முனியப்பண்ணன் ஜன்னல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் காலையில் சாரிடம் போய்ச் சொல்கிறார். அவர் வேலை அது.

ஒண்ணாம் தேதி என்னை நிரந்தரம் ஆக்குவார்களா, அனுப்பிவிடுவார்களா என்று தெரியும். சுரங்க வேலை போன பிறகு அப்பா வீட்டில்தான். இந்த வேலையும் போனால்? யோசிக்கவே பிடிக்கவில்லை.

வாங்க: குடை, தலைவலி மாத்திரை, ஃபிளாப்பி ஒரு டப்பா.

ஜூலை 11, செவ்வாய்

காலையில் வந்தால் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று அணைத்துவிட்டு இருபது வரை எண்ணினேன். சாமி படத்துக்கு முன் நிற்பது மாதிரி நின்றேன்.

சர்வீஸ் எஞ்சினியருக்கு போன். "வைரஸா இருக்கும் மேடம்." ஸ்கேன் செய்தேன். ஒன்றும் இல்லை.

மவுஸைக் கழற்றினேன். கீபோர்டைக் கழற்றினேன். பட்டனைச் சுற்றித் துடைத்தேன். கடைசியில் திட்டினேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறரை வண்டி. ஊர் ஸ்டேஷனில் அப்பா காத்திருப்பார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தினமும் ஐந்தரைக்கு எஸ்டிடி பூத்திலிருந்து என் மேஜை போனுக்கு மூன்று ரிங் விட்டுக் கட் செய்வார். நான் எடுக்காவிட்டால் கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். எடுத்தால் லேட். எடுக்காத போனுக்குப் பூத்காரர் காசு கேட்பதில்லை.

ஜூலை 12, புதன்

மறுபடியும். எஞ்சினியர் நேரில் வந்து பவர் சப்ளையை மாற்றினார். "புது மாடல் மேடம். ஆஃப் பண்ணாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் இருக்கும்." அது ஏன் தானாக எழுந்திருக்கிறது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

போகும்போது பின்னால் இருந்த கரண்ட் வயரையே பிடுங்கிவிட்டேன். எழுந்திரு பார்க்கலாம்.

ஜூலை 13, வியாழன்

எழவில்லை. பிணம் மாதிரி கிடந்தது. சந்தோஷமாகப் போய் சாரிடம் சொன்னேன்.

"அப்ப, ஒழுங்கா ஆஃப் பண்ணா ஆஃப் ஆகுது. இத்தன நாள் நீ பண்ணவே இல்ல."

இனி வயரைப் பிடுங்கக் கூடாது, சாக்கெட் லூஸ் ஆகுமாம். கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போதுதான் அந்த வார்த்தை வாயில் வந்தது.

"வாட்ச்மேன் கிட்டயும் ஒரு சாவி இருக்கு சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அவ்வளவு போதும் என்று எனக்குத் தெரியும்.

முனியப்பண்ணனை டியூட்டிக்கு முன்பே வரவழைத்தார்கள். "நான் அத்தத் தொட்டதே இல்ல சார். மவுஸப் புடிக்கக்கூடத் தெரியாது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் புரட்டினேன். சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.



ஜூலை 14, வெள்ளி

புது வாட்ச்மேன். அவரிடம் சாவி இல்லை.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சார் வருவதற்குள் அணைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மாலை ஸ்டாக் எண்ணும் வேலை, தங்க வேண்டியதாயிற்று. ஐந்து மணிக்கே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பேப்பரில் கணக்கு. சார் கோடவுனில். ஐந்தரைக்கு போன். லேட் என்று சொல்ல எடுக்கப் போனேன்.

முதல் ரிங். கம்ப்யூட்டருக்குள் ஃபேன் சுழன்றது. இரண்டாவது. பச்சை விளக்கு. மூன்றாவது. திரையில் எழுத்து.

கட்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அப்பா. இத்தனை நாளும் அப்பா.

நான் எடுக்காததால் கிளம்பிவிட்டேன் என்று நினைத்து ஸ்டேஷனில் தூறலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். "இன்னாமா, மூணு தபா அடிச்சி, நீ எடுக்கல. வண்டியில வர்றேன்னுதான் நின்னுகினு இருந்தேன்." துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஜூலை 15, சனி

எஞ்சினியருக்கு போன். சிரித்தார். "இமெயிலுக்குப் போன மாசக் கடைசில மோடம் போட்டமே, அது உங்க போன் லைன்லதான இருக்கு. ரிங் வந்தா சிஸ்டத்த எழுப்பிடும். ஒரு செட்டிங். ரெண்டு நிமிஷ வேலை." எந்தப் பக்கம் போய் எதை மாற்றுவது என்று எழுதிக்கொண்டேன்.

மாற்றினால் பிரச்சினை முடிந்தது. என் வேலை தப்பிக்கும். வாட்ச்மேன் போனதும் கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்றும் ஆகிவிடும். நான் சொன்ன பொய் நிஜமாகிவிடும்.

மாற்றவில்லை. நாளை லீவில் அது ஓடிக்கிடக்கக் கூடாதென்று, இன்று ஒரு நாள் அடிக்க வேண்டாம் என்று மட்டும் காலையிலேயே அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

ஜூலை 17, திங்கள்

வெயில். கம்ப்யூட்டர் அணைந்தே இருந்தது. சாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? அவனேதான். உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் டைப் ஆகுது."

பேசாமல் இருந்திருக்கலாம். மத்தியானம் வரை அப்படித்தான் இருந்தேன். பாதிச் சோற்றில் எழுந்து போய், "சார், அஞ்சரை வரைக்கும் என்கூட இருங்க" என்றேன்.

அணைத்தேன். அவரே தொட்டுப் பார்த்தார். இருவரும் எதிரில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து முப்பத்திரண்டுக்கு போன் அடித்தது. கம்ப்யூட்டரும் எழுந்தது. போனை எடுத்து, லேட்டாகும் என்று சொல்லி வைத்தேன்.

"யாரு போன்மா இது?"

"எங்கப்பா சார். தினமும் அடிப்பாரு. வாட்ச்மேன் அண்ணன் மேல நான்தான் சும்மா சொன்னேன்."

சார் லெட்டரைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து, முனியப்பண்ணன் கொடுத்திருந்த நம்பரைக் காட்டினார். அவர் வீட்டுக்குப் பக்கத்து மாவு மில்லின் நம்பர். "நீயே போடு."

போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று, ஏழு, பன்னிரண்டு. யாரும் எடுக்கவில்லை.

எங்கள் வீட்டு வழக்கப்படி, எடுக்காவிட்டால் கிளம்பிப் போயாயிற்று என்று அர்த்தம்.

நாளைக் காலை மறுபடி போட வேண்டும்.