என் மனைவி சுற்றுலா செல்லவில்லை

அனுப்புநர்
ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியின் முன்னாள் பேக்கிங் தொழிலாளி,
கம்பெனிப் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்
மாவட்டத் தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: வெளிநாட்டில் வேலையின்போது இறந்த என் மனைவியைச் "சுற்றுலாப் பயணி" எனக் குறித்திருப்பதைத் "தொழிலாளி" எனத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி மேற்படி கம்பெனியில் பதினாறு ஆண்டுகள் காலர் தைத்தவர். சென்ற ஆண்டு, கூலி குறைவான நாட்டுக்கு ஆர்டர் போய்விட்டதென்று தையல் பிரிவை மூடினார்கள். மெஷின்களைக் கட்டிக் கண்டெய்னரில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அவருடைய மெஷினுக்கு மட்டும் வீட்டிலிருந்து பழைய போர்வை கொண்டுபோய்ச் சுற்றினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

2. அங்குள்ள பெண்களுக்கு வேலை சொல்லித்தர அவர் மூன்று மாதம் போய்வந்தால், கிடங்கில் என் வேலை நீடிக்கும் என்றார் மேனேஜர். என் மனைவிக்கு மனமில்லை. நம் வயிற்றில் அடிக்கிற வேலையை நாமே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். "மூணு மாசந்தானே, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிடும்" என்று அனுப்பிவைத்தவன் நான். இதை மறைத்தால் இம்மனு பொய்யாகிவிடும்.

3. சுற்றுலா விசா என்பது விமான நிலையத்தில்தான் தெரிந்தது. சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக எடுத்தோம் என்றார்கள். நம்பினோம்.

4. அறுபத்தெட்டாம் நாள் இறந்துவிட்டார். விடுதி அறையில் மாரடைப்பு என்று கம்பெனி எழுதிக்கொடுத்துள்ளது. ஆனால் அவரிடம் வேலை கற்ற பெண்ணொருத்தி, போனில் மொழிபெயர்த்து எனக்கு எழுதினாள். இரண்டு நாளாகக் காய்ச்சலாம். ஷிப்மெண்ட் முடியட்டும் என்று சூப்பர்வைசர் உட்காரவைத்தாராம். மெஷின் மேலேயே சாய்ந்தாராம். "அக்கா ஒரு நாளும் எங்களைத் திட்டியதில்லை" என்று முடித்திருந்தாள். என் மனைவி வாங்கியதில் பாதிதான் அவளுக்குக் கூலி. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. இணைத்துள்ள நகலில் அவள் பெயரை மறைத்துள்ளேன். அவள் பிழைப்பும் போய்விடக்கூடாது.

5. கிடங்கு வேலையை அன்றே விட்டுவிட்டேன். சுற்றுலாப் பயணியின் மரணம் இத்துறைக்குள் வராது என்று கடிதம் அனுப்பித் தங்கள் அலுவலகம் கோப்பை முடித்துவிட்டது. ஐயா, என் மனைவி பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனதெல்லாம் கம்பெனிக்குத்தான். அந்த நாட்டிலும் அவர் பார்த்தது விடுதியையும் மெஷின் ஹாலையும் மட்டுமே.

6. எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. அம்மா இறந்ததற்குப் பள்ளியில் சான்று கேட்டதால் தங்கள் அலுவலகத்தின் அந்தக் கடிதத்தை எடுத்துப் போனாள். வழியிலேயே படித்துவிட்டாள் போலும். "அம்மா நம்மள விட்டுட்டு ஊர் சுத்திப் பாக்கவாப்பா போனாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் இதில் ஏன் போட்டிருக்கிறது என்றாள். முத்திரை குத்திய காகிதத்துக்கு முன் என் வாய்ச்சொல் எடுபடவில்லை.

ஆகவே கோப்பை மீண்டும் திறந்து விசாரிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சட்டப்படி எங்களுக்கு வரவேண்டியது என்றைக்கு வந்தாலும் சரி. தன் அம்மா வேலைக்குத்தான் போனார் என்று என் மகள் படிக்கும்படி, தாங்கள் கையெழுத்திட்ட ஒரு வரி முதலில் வேண்டும்.

நாள்: 12.08
இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
இறந்த தொழிலாளியின் கணவர்