பாடு இல்லை

1953, ஆவணி. வெள்ளி இரவு.

மீனவர் பேச்சில் ‘பாடு’ என்றால் வலையில் விழும் மீன். இன்று சரோஜாவிடம் அதை நான் சொல்லவில்லை.

இருவருமே பத்திரிகைக்குக் கதை எழுதுகிறோம். ராயபுரம் கடற்கரையில் கதை தேடி மாதக்கணக்காக அலைகிறவள் நான். அவள் இன்றுதான் வந்தாள். வெறுங்கூடையோடு எதிரே வந்த மீன்காரி, “இன்னிக்குப் பாடே இல்லம்மே” என்றாள். கஷ்டமே இல்லை என்கிறாள் என்று நினைத்து, “கதை கெடைச்சிடுச்சுடி!” என்று என் கையைப் பிடித்துக் குதித்தாள் சரோஜா. அந்த மகிழ்ச்சியின் ருசி எனக்குத் தெரியும். அதனால்தான் பொறுக்கவில்லை. தப்பாகவே எழுதட்டும் என்று இருந்தேன்.

அவளோ மீன்காரியிடமே போய் விசாரித்துவிட்டாள்.

“பாடுன்னா மீனும்மே! நாங்க பட்ற பாடு தெனைக்கும் கீதே!” என்று மீன்காரி சிரித்தாள்.

கதை இன்னும் நல்ல கதையாகிவிட்டது. சரோஜா அங்கேயே கட்டுமரத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். நான் தனியாக வீட்டுக்கு வந்தேன்.