பவியின் போனுக்குச் சார்ஜ் போடாதீர்கள்

கட்டுகஸ்தோட்டை,
06.07.2025

அன்புள்ள பவி அப்பாவுக்கு,

நானும் பவியும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கத்தான் ஈமெயிலில் எழுதுகிறேன். போனில் விசாரிக்க முடிவதில்லை. நீங்கள் எடுத்தால் முதல் வார்த்தை "இப்ப எத்தன?" இரண்டாவது "ஏன் அத்தன?" அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கோபம் வந்துவிடுகிறது. எழுதினால் நான் சொல்லி முடிக்கும்வரையாவது நீங்கள் குறுக்கே பேச மாட்டீர்கள்.

பவிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "ச" சொன்னால் காற்றுத்தான் வருகிறது. ஆண்டு இரண்டு வகுப்பில் அவளுக்கு ருஷ்தா டீச்சர். அக்குறணையிலிருந்து வருகிறவர். இன்சுலின் போடும் பிள்ளை என்று சொன்னபோது முகத்தைச் சுளிக்காத முதல் ஆள் அவர்தான். பவியை முதல் வரிசையில் உட்காரவைத்து, அவள் போனைத் தன் மேசையிலேயே வைத்துக்கொள்கிறார். 70க்குக் கீழே போனால் குளுக்கோஸ், 250க்கு மேலே போனால் எனக்கு ஒரு போன் கோல். ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விஷயம் அந்தப் போன்தான். மார்ச்சில் லீவுக்கு வந்தபோது நீங்கள் அவள் கையில் சென்சரை ஒட்டி, போனில் ஆப்பைப் போட்டுத் தந்துவிட்டுப் போனதிலிருந்து அது ஒழுங்காகவே வேலை செய்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் சீனி எனக்கும் தெரிகிறது, டோஹாவில் உங்களுக்கும் தெரிகிறது. இறங்கினால் அது கத்துகிறது, நான் ஓடுகிறேன். ஆனால் நான்கு நாளாக அது புதிதாக ஒன்று கேட்கிறது: "சிஸ்டம் அப்டேட் தயார். இப்போது நிறுவவா, பிறகா?" ஆப்பைத் திறந்தால் அதற்குள் சிவப்பில் ஓர் எச்சரிக்கை: புதிய சிஸ்டத்துக்கு மாறாதீர்கள், இந்த ஆப் அதில் வேலை செய்யாது. ஒரே போனுக்குள் ஒருவர் போடு என்கிறார், மற்றவர் போடாதே என்கிறார். நான் தினமும் "பிறகு" என்பதைத் தொடுகிறேன். இரண்டு பொத்தானுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்கூட இல்லை.

இதை ஒரேயடியாக நிறுத்துவது எப்படி? பேராதனையில் நான்கு வருடம் புவியியல் படித்தவள் ஒரு பொத்தானுக்குப் பயப்படுகிறாள் என்று சிரிக்க வேண்டாம்.

உங்கள்,
யசோ


டோஹா,
08.07.2025

யசோவுக்கு,

கவனமாகச் செய். செட்டிங்ஸில் கடைசியாக "போனைப் பற்றி" என்று இருக்கும். அதற்குள் சாஃப்ட்வேர் விவரம். அங்கே "பில்ட் நம்பர்" என்ற வரியை விடாமல் ஏழு முறை தொடு. டெவலப்பர் என்று புதிதாக ஒரு பகுதி திறக்கும். அதில் "ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்" என்பதை அணைத்துவிடு. பிறகு அப்டேட் பக்கத்துக்குப் போய், வைஃபையில் தானாக இறக்குவதையும் அணை. வேறு எதையும் தொடாதே.

நேற்று 11.20க்கு 236. என்ன கொடுத்தாய்? ஸ்டோரில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தவன் பாதியில் விட்டுவிட்டு மூன்று தடவை கோல் எடுத்தேன். நீ எடுக்கவில்லை.

பல் விழுந்த வாயைப் படம் எடுத்து அனுப்பு.

ஜீவன்


கட்டுகஸ்தோட்டை,
20.07.2025

அன்புள்ள பவி அப்பாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. எழுத உட்கார்ந்தால் தூக்கம் முந்திக்கொள்கிறது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கோயிலைச் சுற்றுவது போல எண்ணி எண்ணித் தொட்டேன். ஐந்தில் எண்ணிக்கை தவறி, திரும்பவும் ஒன்றிலிருந்து. ஏழாவதில் போன், "நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்" என்றது. சத்தமாக வாசித்துவிட்டேன். "அம்மா, உங்களுக்குத் திரும்ப வேலை கெடச்சிருச்சா?" என்று பவி ஓடிவந்தாள். நான் ஸ்கூல் வேலையை விட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் நின்றபாடில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தது. மூன்றாம் நாள், "இன்று இரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் நிறுவப்படும்" என்றது. கேள்வியாகக்கூட இல்லை. மறுநாளே டவுனுக்குப் போய், போன் திருத்தும் ஷாமிலிடம் காட்டினேன். "மிஸ், அது அப்பிடித்தான், உடாது. ஒண்ணு செய்ங்க. வைஃபை குடுக்காதீங்க. சார்ஜ முப்பதுக்கு மேல ஏற உடாதீங்க. பெட்டரி கொறஞ்சி இருந்தா அது ஏறாது" என்றான்.

அதனால் பவியின் போனைப் பட்டினி போட்டு வைத்திருக்கிறேன். பத்து நிமிடம் சார்ஜ், பிடுங்கிவிடு. பதினைந்துக்குக் கீழே போனால் செத்துவிடும், முப்பதுக்கு மேலே போனால் மாறிவிடும். பிள்ளையின் சீனியைப் பார்ப்பது போதாதென்று இப்போது போனின் சீனியையும் பார்க்கிறேன்.

236ஐக் கேட்டீர்கள். அன்று வகுப்பில் நுஸ்ஹாவுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டப்போகிறார்கள் என்று டீச்சர் சொன்னதும் ஓட்டோ பிடித்துப் போய், பவிக்கு ஊசி போட்டுவிட்டு, பக்கத்திலேயே இருந்தேன். அதனால்தான் உங்கள் கோலை எடுக்கவில்லை. பவிக்குக் கிடைத்த துண்டில் ஒரு ரோஸ் பூ இருந்தது. அதைக் கடைசிவரை வைத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். உங்களுக்கு 236 வந்தது. ரோஸ் பூ வரவில்லை.

படம் அனுப்பியிருக்கிறேன். சிரிக்கச் சொன்னால் வாயை மூடிக்கொள்கிறாள்.

யசோ


டோஹா,
02.09.2025

யசோ,

காலை பத்து மணியிலிருந்து நம்பர் இல்லை. மூன்று கோடு மட்டும் தெரிகிறது. பதினான்கு கோல் எடுத்திருக்கிறேன். பவி உயிரோடு இருக்கிறாளா என்று நான் யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டு நம்பர்கூட என்னிடம் இல்லை.

நான் கேள்வி கேட்பது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். அதற்காக அணைத்தே விட்டாயா?

ஜீவன்


கட்டுகஸ்தோட்டை,
03.09.2025

பவி அப்பாவுக்கு,

பவி நன்றாக இருக்கிறாள். நேற்று மெசேஜில் அனுப்பினேன், இங்கும் முதலில் அதையே எழுதுகிறேன். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன், கடைசிவரை வாசியுங்கள்.

என் போனிலும் கோடுதான் தெரிந்தது; அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, ஸ்கூல் விட்டதும்தான் கூட்டிவரப் போனேன். ருஷ்தா டீச்சர் சிரித்த முகத்தோடு போனை நீட்டினார். "பவிட அம்மா, இந்தப் போன்ல எந்த நாளும் சார்ஜே இல்ல. பாவம், மறந்து போறீங்க போலன்னு நானே ஆபீஸ்ல சார்ஜரக் குத்தி நெறப்பினேன். வைஃபையும் போட்டுக் குடுத்தேன்" என்றார். கையில் வாங்கினேன். நூறு காட்டியது. எழுத்தெல்லாம் வேறு மாதிரி இருந்தது.

சார்ஜ் நிறைந்ததும் அந்தக் கேள்வி பெரிதாக வந்து நம்பரை மறைத்திருக்கிறது. நம்பரைப் பார்க்க வேண்டுமே என்று அவர் நீலப் பொத்தானைத் தொட்டிருக்கிறார். பவியைக் கவனிக்கத்தான் தொட்டிருக்கிறார். போன் தானாக அணைந்து எழும்பிய பிறகு கோடு மட்டும். சென்சர் பழுது, அம்மா வந்து பார்ப்பார் என்று நினைத்து, பவியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அவரை எதைச் சொல்லித் திட்டுவது? நான் கொடுத்த துண்டில் 70 இருக்கிறது, 250 இருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள் என்று இல்லை. எழுத வெட்கமாக இருந்தது. பிள்ளையின் உயிர் இருக்கிற போனுக்குச் சார்ஜ் போட வேண்டாம் என்று எந்தத் தாய் எழுதிக் கொடுப்பாள்? பைத்தியம் என்று நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

அங்கிருந்து நேரே ஷாமிலின் கடைக்குப் போனேன். பவியை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, அவனும் நானும் போனுக்கு மேலே குனிந்தோம். ஆப்பை அழித்துத் திரும்பப் போட்டான். இந்தச் சிஸ்டத்துக்கு இல்லை என்றது. பழைய சிஸ்டத்தைக் கேட்டேன். "மிஸ், ஏறினது ஏறினதுதான். எறக்க ஏலாது." இன்னொரு வழி பார் என்றேன். பார்த்தான். அப்படியே அரை மணித்தியாலம் போயிருக்கும். உங்கள் கோல்கள் என் பைக்குள் வந்துகொண்டிருந்ததை யாரும் கேட்கவில்லை.

ஷாமில்தான் நிமிர்ந்து, "மிஸ், பிள்ள" என்றான்.

கண்ணாடி அலுமாரியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கழுத்தெல்லாம் வேர்வை. விரலில் குத்திப் பார்த்தேன். 47. குளுக்கோஸ் பக்கற்றைப் பிரிக்கப் பல்லாலும் முடியவில்லை, நகத்தாலும் முடியவில்லை. ஷாமில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தான். இருபது நிமிடத்தில் 88. பிறகு கேட்டேன், "ஏன்டா அம்மாவக் கூப்பிடல?" "போன் கத்தலயே அம்மா, அதனால ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் அணைக்கவில்லை. ஆனால் ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. டீச்சர் போனைத் தந்தபோது, பயம் வருவதற்கு முன்னால், ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, யாரும் கேட்க மாட்டார்கள் என்று. அந்த ஒரு நொடிதான். அதற்குப் பிறகு 47.

ஆப் கம்பனிக்கு எழுதினேன். புதிய சிஸ்டத்துக்கு "வரும் மாதங்களில்" தருவார்களாம். பேராதனை கிளினிக்கில் அதுவரை விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார்கள், ஒரு நாளைக்கு ஏழு தடவை. உங்களுக்கு இனி எதுவும் தானாக வராது.

யசோ


கட்டுகஸ்தோட்டை,
12.09.2025

பவி அப்பாவுக்கு,

ஒன்பது நாளாகிவிட்டது, பதில் இல்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள். நேற்றையதை அனுப்புகிறேன்.

காலை 6.00 – 131.
7.45 – 168. இடியப்பம் இரண்டு. மூன்றாவது கேட்டாள், கொடுக்கவில்லை.
10.15 – 94. டீச்சர் குத்தினார். பழகிக்கொண்டார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார்.
1.40 – 72. பஸ்ஸில். அரை வாழைப்பழம்.
4.30 – 203. மழை, வீட்டுக்குள்ளேயே இருந்தாள். என் பிழை, மீதிப் பழத்தையும் கொடுத்துவிட்டேன்.
8.00 – 149.
இரவு 2.00 – 117. எழும்பவில்லை, விரலை மட்டும் நீட்டினாள்.

இந்த நம்பர்களை ஒரு கொப்பியில் அவளே எழுதுகிறாள். நேற்று ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இன்னொரு வரிசை உண்டாக்கி, மேலே "அப்பா" என்று எழுதியிருக்கிறாள். "என்னோடத மட்டும் அப்பா கேட்டாங்க. அப்பாவோட நம்பர் எத்தன?" என்கிறாள். 

யசோ


டோஹா,
17.09.2025

அன்புள்ள யசோ,

அன்று எழுதியதை அழித்துவிடு. நான் எழுதியிருக்கக் கூடாது. உன் கடிதத்தில் அந்த ஸ்டூல் வந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், எழுதத் தொடங்கிய பதிலையெல்லாம் அழித்தேன்.

பவி கேட்டாள் என்று நேற்று எங்கள் காம்ப் நர்ஸிடம் போனேன். மகளுக்கு ஒரு நம்பர் வேண்டும் என்று சிரித்துக்கொண்டுதான் விரலைக் கொடுத்தேன். 318. மெஷின் பிழை என்றேன். மற்றக் கையில் குத்தினார். 311. இன்று காலை வெறும் வயிற்றில் 264.

ஆறேழு மாதமாக இரவில் நாலு தடவை எழும்பித் தண்ணீர் குடிக்கிறேன். இங்கே வெயில் அப்படி என்று நினைத்தேன். பவிக்கு முதலில் வந்தபோதும் நாம் இரண்டு பேரும் வெயில் என்றுதான் சொன்னோம், ஞாபகம் இருக்கிறதா? அவளுடைய நம்பரை இங்கே கட்டிலில் படுத்துக்கொண்டு இரவெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் என் விரலில் குத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதே. பவியிடம் சொல்லாதே.

ஜீவன்


கட்டுகஸ்தோட்டை,
18.09.2025

என் அன்புக்குரிய பவி அப்பாவுக்கு,

என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நாளைக்கே லீவு எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டோரில் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். அந்த மூன்று நம்பரையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், இரவில் எழும்புவதையும் சேர்த்து. வெறுமனே சுகமில்லை என்று சொன்னால் ஒரு பனடோல் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். வெட்கப்பட்டு எதையும் விட்டுவிட வேண்டாம். நான் விட்டதே போதும்.

இதற்கு மேல் என்னால் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று காலையிலிருந்து மூன்று தடவை போனை எடுத்து, "இப்ப எத்தன?" என்று கேட்கப் போய், திரும்ப வைத்துவிட்டேன்.

பவி விழித்ததும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவின் நம்பர் 104 என்று சொன்னேன். அவள் அதை எழுதி, வட்டம் போட்டு, "அப்பா என்னவிட நல்ல பிள்ள" என்றாள்.

நாளைக்கும் கேட்பாள்.

யசோ