ஒன்பது கிழமை பிந்தி வந்தவள்

திங்கள் 9

காலமையில இருந்து மழை. கடையில போட்டோக்கொப்பி மெசின் ரெண்டு தரம் பேப்பர் விழுங்கிட்டுது. நான் சாப்பிட்ட மாதிரி முதலாளி முறைக்கிறார்.

மத்தியானம் ஒரு பிள்ளை, நனைஞ்சு. ஊர் மூதூர். பேர் சிபானா. முதல் வருச நோட்ஸ் முழுக்க வேணுமாம். "இண்டைக்குத்தான் கம்பஸுக்கு வந்தனான் அக்கா. பில்லிங்ல கிடைச்சது." ஆரோ வராமல் விட்ட இடத்தை நிரப்பிறது. கூப்பிட்டதே ஒன்பது கிழமை பிந்தி. வாற வெள்ளிக்கிழமை முதலாவது டெஸ்ட். சரிவராட்டி வாப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவாராம்.

"போங்க. நானும் இந்தக் கம்பஸை விட்டனான்தான், சாகேல்ல" எண்டன்.

முறைச்சாள். நல்லா முறைச்சாள்.

செவ்வாய் 10

மழை விட்டுது. துறைமுகத்தில ரெண்டு பெரிய கப்பல்.

சிபானா கூட்டத்துக்குப் பின்னால போய் ரெண்டாம் வருச லெக்சருக்குள்ள இருந்திட்டாள். எழும்ப வெட்கமாம். ரெண்டு மணித்தியாலம்! சிரிச்சு எனக்கு விக்கல்.

பிறகு அவளின்ர கொப்பியைப் பார்த்தன். எட்டுப் பக்கம். விளங்காத சொல் எல்லாத்துக்கும் சிவப்புக் கோடு. சிலதுக்குப் பக்கத்தில விடையும். லைப்ரரில தேடினதாம். நான் போகாமல் விட்டதே அந்த லெக்சருக்குத்தான்.

சிரிப்பு நிண்டுட்டுது.

வியாழன் 12

அவளுக்குக் காட்ட: முதல் வருச லெக்சர் ஹோல். கன்டீன் பின்வாசல். சைன் வைக்கிற தாள் எந்தப் பக்கத்தால வரும். பட்ச் ரெப், அதுதான் அந்த வருசப் பெடியளுக்குத் தலைவன்.

வாசல்ல செக்குரிட்டி அண்ணை: "என்ன பிள்ளை, திரும்பி வந்திட்டீங்களோ?"

"இல்லை, ஆள் ஒண்டு கொண்டந்தனான்."

ஹோலுக்குள்ள ரெப் பெடியன்: "படிக்கிற குரூப் எல்லாம் போட்டாச்சு அக்கா. இனி ஏலாது."

"உன்ர குரூப்பென்ன, பஸ் சீட்டோ?" எண்டு நான் தொடங்க, சிபானா என்னைத் தாண்டி முன்னுக்குப் போயிட்டாள். லெக்சர் எடுக்கிற சேர் இன்னும் வரேல்ல. நூறு பேருக்கு முன்னால:

"நான் பிந்தி வந்தனான். ஒன்பது கிழமைப் பாடம் எனக்குத் தெரியா. ஆராவது சொல்லித் தாங்க."

நானும் ரெண்டு வருசம் இந்தக் கம்பஸுக்குள்ள இருந்தனான். விளங்கேல்ல எண்டு ஒருநாளும் வாய் திறக்கேல்ல.

மூண்டாம் வரிசையில ஒருத்தி பக்கத்துக் கதிரையில இருந்த தன்ர பேக்கைத் தூக்கி இடம் விட்டாள். பிறகு ரெப்பும் தலையைச் சொறிஞ்சுகொண்டு வந்தான்.

வெள்ளி 13

டெஸ்ட் ரெண்டு மணிக்கு. சிபானாவின்ர வாப்பா டவுன் பள்ளியில ஜும்மா முடிச்சு நேர எங்கட கடைக்கு. கையில வெறும் உடுப்புப் பேக். அவளின்ர சாமான் கட்டக் கொண்டந்ததாம். பிளேன்டீ குடுத்தன். தொடேல்ல.

"புள்ள எழுதுவாவா மகள்?" எண்டு என்னைக் கேட்டார்.

"தெரியா." பொய் சொல்ல வரேல்ல.

நாலு மணிக்குச் சிபானா வந்தாள். பின்னால நாலு பெட்டையள், எல்லாரும் ஒரே நேரத்தில கதை. வாப்பா எழும்பினார்.

"அஞ்சு கேள்வில ரெண்டுதான் எழுதினன் வாப்பா."

"அப்ப போவமா?"

"எப்பிடிப் போற? மிச்சம் மூண்டையும் இப்ப இவங்க சொல்லித் தரப் போறாங்க."

அவர் அந்த நாலு பேரையும் பார்த்தார். ஆறின டீயை ஒரே இழுப்பில குடிச்சார். வெறும் பேக்கை நாலா மடிச்சுக் கக்கத்தில வைச்சுக்கொண்டு மூதூர் பஸ் ஏறினார்.